பியானோ மூடியை இறக்கிய பிறகுதான் வயோலா கேட்டது

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி அரங்கில் நடந்த சேம்பர் மியூசிக் (ஒரு வரிக்கு ஒருவராகச் சிலர் மட்டும் வாசிக்கும் மேற்கத்திய இசை) கச்சேரியில் மூன்று உருப்படிகள். ‘ஜிப்சி’ என்று பெயர் வாங்கிய ஹைடனின் ஜி மேஜர் பியானோ டிரியோ (1795), மொசார்ட்டின் ஜி மைனர் பியானோ குவார்ட்டெட் (1785), இடைவேளைக்குப் பிறகு ஷூமானின் ஈ பிளாட் மேஜர் பியானோ குவின்டெட் (1842). முதலில் பியானோ, வயலின், செல்லோ (தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய, கீழ் ஸ்தாயி வயலின் வகை) என மூவர், பிறகு வயோலாவும் (வயலினைவிடச் சற்றுப் பெரியது, ஸ்தாயி தாழ்ந்தது) சேர நால்வர், கடைசியில் இன்னொரு வயலினும் சேர ஐவர். நல்ல தேர்வு. ஒவ்வொரு வாத்தியமாகக் கூடக்கூடப் பியானோவின் வேலை எப்படி மாறுகிறது என்பது புதிதாகக் கேட்பவருக்கும் காதில் விழும். மைக் வைக்கவில்லை. நம் ஊரில் மைக் இல்லாமல் ஒரு கச்சேரி நடத்தத் துணிந்ததற்கே ஏற்பாட்டாளர்களைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் மைக் இல்லாத கச்சேரியில் மேடைதான் மைக். முதல் பாதியில் அது சரியாக அமையவில்லை.

ஆறடி கிராண்ட் பியானோ. மூடி பெரிய முட்டுக்கோலில் முழுசாகத் திறந்திருந்தது. பின்னால் வெறும் சிமென்ட் சுவர், கீழே வழுவழு கிரானைட், திரையோ கம்பளமோ இல்லை. ஹைடன் எழுதிய காலத்துப் பியானோ மரச்சட்டத்தில் மெல்லிய கம்பி கட்டியது. அதன் கீழ் ஸ்தாயி சட்டென்று அடங்கிவிடும். அதற்கு உடம்பு கொடுக்கத்தான் செல்லோவைப் பெரும்பாலும் இடது கையோடு ஒட்டியே அவர் ஓடவிட்டார். இன்றைய இரும்புச்சட்டப் பியானோவுக்கு அந்தத் துணை தேவையில்லை. இரண்டும் ஒரே வரியைச் சம பலத்தில் வாசித்தால் செல்லோ காணாமல் போகும். முதல் இரண்டு பகுதிகளில் அதுதான் நடந்தது. வில் போவது தெரிந்தது, நாதம் வந்து சேரவில்லை. முதல் மெட்டே திரும்பத் திரும்ப வரும் ரோண்டோதான் கடைசிப் பகுதி; ஹங்கேரிய மெட்டில் ஓடும் அதில், ஓசையை நீட்டும் பெடலைப் பியானோ வாசித்தவர் அறவே விட்டுவிட்டார். உடனே வயலினின் ஒவ்வொரு வில்லடியும் மிளகு வெடிப்பது போலத் தெறித்தது. அந்த நான்கு நிமிடம் அற்புதம்.

மொசார்ட்டின் தொடக்கம் ஒளிய இடமில்லாத தொடக்கம். நால்வரும் ஒரே மெட்டை, ஸ்தாயி மட்டும் வேறாக, பலமாக வாசிக்கிறார்கள். அடுத்து பியானோ தனியாகப் பதில் சொல்கிறது. சுருதி ஒரு இம்மி விலகினாலும் அங்கே தெரிந்துவிடும். தெரிந்தது. பியானோவை மதியம் ஏசி ஓடாத அரங்கில் டியூன் செய்திருக்கிறார்கள். மாலையில் ஏசியைப் போட்டதும் குளிர்காற்று நேராகப் பியானோ மேல் இறங்கியது. கம்பி குளிர்ந்தால் இறுகிச் சுருதி ஏறும். காற்றில் ஈரம் குறைந்தால் சவுண்ட்போர்டு (கம்பியின் அதிர்வைப் பெருக்கும் பலகை) மரம் சுருங்கிச் சுருதி இறங்கும். முன்னது சில நிமிடங்களில் நடக்கும், பின்னதற்கு மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். நடு ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பிகள். மூன்றும் ஒன்றுபோல நகராவிட்டால் ஒரே சுரத்துக்குள்ளேயே ஒரு அலை ஆடும். வேலூர் வெயிலில் வெளிக்கும் உள்ளுக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கையில் இதைத் தவிர்க்க ஒரே வழி, காலையிலிருந்தே ஏசியைக் கச்சேரி நேரத்து அளவில் ஓடவிட்டு, மூன்று நான்கு மணி நேரம் கழித்து டியூன் செய்து, கதவு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மறுபடி சரிபார்ப்பது. மின்சாரச் செலவுதான். ஆனால் பியானோவைக் கொண்டுவந்து இறக்கும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

கம்பி வாத்தியக்காரர்கள் மீது குறை இல்லை. அவர்கள் சுருதி சேர்த்த விதமே கவனிக்கத்தக்கது. நம் கர்நாடக வயலினில் ச ப ச ப. பாடகரின் கட்டைக்கு ஏற்பப் பிருடையைத் திருப்பிக்கொள்ளலாம். இங்கே கீழிருந்து ஜி, டி, ஏ, ஈ. பியானோவின் ஏ எதுவோ அதற்குத்தான் எல்லோரும் வளைய வேண்டும். சுத்தமான பஞ்சமமாக ஏ-யிலிருந்து மூன்று கம்பி கீழே போனால் செல்லோவின் சி கம்பி பியானோவின் சி-யைவிட ஏறத்தாழ 6 சென்ட் இறங்கி நிற்கும். ஒரு அரைச் சுரம் 100 சென்ட் என்றால், சிறிய அளவுதான். ஆனால் நீட்டிப் பிடிக்கும் சுரத்தில் உறுத்தும். செல்லோக்காரர் ஏ-யோடு நிறுத்தாமல், பியானோவில் சி-யையும் வாங்கிக் கீழ்க் கம்பியைச் சற்றே ஏற்றிக்கொண்டார். வயோலாவும் அப்படியே. இதெல்லாம் தெரிந்த கைகள்.

செல்லோவின் ஊன்றுமுள் கிரானைட்டில் ஒருமுறை வழுக்கியது. நாற்காலிக் காலில் மாட்டும் பட்டை ஒன்று இருந்திருந்தால் போதும். இல்லாவிட்டால் ஒரு ரப்பர் மிதியடி.

இடைவேளையில் யாரோ காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். பதினைந்து நிமிடத்தில் டியூனர் ஏழெட்டு சுரங்களின் கம்பிகளைச் சேர்த்தார். அதற்குமேல் அந்த நேரத்தில் முடியாது. மூடி சின்ன முட்டுக்கோலுக்கு இறங்கியது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, வலது ஓரத்தில் இருந்த வயோலா உள்ளே வந்தது, செல்லோ அந்த ஓரத்துக்குப் போனது. வயோலா வலது ஓரத்தில் இருந்தால் அதன் ஓசைத்துளைகள் சுவரைப் பார்த்து நிற்கும். வாசிப்பவர் எவ்வளவு அழுத்தினாலும் சபைக்குப் பாதிதான் வரும்.

இந்த மாற்றம் ஷூமானுக்கு உயிர் கொடுத்தது. முதல் பகுதியின் இரண்டாம் மெட்டில் செல்லோ கேள்வி கேட்க, வயோலா அதைக் கவிழ்த்துப் பதில் சொல்லும். முதல் பாதியின் அமைப்பில் அந்தப் பதில் வந்தே சேர்ந்திருக்காது. இப்போது இரண்டு குரலும் தனித்தனியாக நின்றன. சி மைனரில் வரும் இரண்டாம் பகுதி ஒரு சவ ஊர்வல நடை. அதைப் பலர் இழுத்து இழுத்து வாசித்துச் சாகடிப்பார்கள். இவர்கள் நடையை விடவில்லை. மௌனங்களை மட்டும் முழு அளவுக்குப் பிடித்தார்கள். கொந்தளிப்பு முடிந்து அந்த மெட்டு வயோலாவிடம் திரும்பும் இடத்தில் பியானோ தன்னைக் குறைத்துக்கொண்டது. அரங்கில் ஒரு இருமல் இல்லை. ஷூமான் மனைவி கிளாராவுக்கு அர்ப்பணித்த படைப்பு இது. 1843 ஜனவரியில் லைப்சிக்கில் முதல் பொது அரங்கேற்றத்தில் பியானோ வாசித்தவரும் கிளாராவே. பியானோ வரி ஏன் இவ்வளவு நிறைந்து கிடக்கிறது என்பது அதிலேயே விளங்கும். அந்த நிறைவை அடக்கி வாசிக்கத்தான் பெரிய கை வேண்டும், இங்கே அது இருந்தது.

மூன்றாம் பகுதியான ஸ்கெர்ட்ஸோவின் ஏறுவரிசைகள் மட்டும் வேகத்தில் கொஞ்சம் குழம்பின. கிரானைட்டும் சிமென்ட்டும் எதிரொலிக்கும் மேடையில் அந்த வேகம் ஒரு பிடி அதிகம்.

நிகழ்ச்சித் தாளில் உருப்படிப் பெயர்களை மட்டும் அச்சடித்திருந்தார்கள். எத்தனை பகுதி என்று போடாததால் கைதட்டல் நடுநடுவே வந்தது. ஹைடன் மூன்று, மொசார்ட் மூன்று, ஷூமான் நான்கு என்று ஒரு வரி போதும். மின்சாரம் போனால் ஜெனரேட்டரின் உறுமல் இடப்புறக் கதவு வழியாக வரும். அந்தப் பக்கம் உட்கார வேண்டாம். முதல் இரண்டு வரிசையில் பியானோவின் அடிவயிறுதான் கேட்கும். ஐந்திலிருந்து எட்டாம் வரிசை வரை, நடுவிலிருந்து சற்று வலது பக்கம் உட்கார்ந்தால் ஐந்து வாத்தியமும் சமமாக வரும். ஷூமானின் கடைசிப் பகுதி முடிவில் முதல் பகுதியின் தொடக்க மெட்டு திரும்பி வந்து, கடைசிப் பகுதியின் மெட்டோடு பின்னி, ஒரு குரலை மறுகுரல் துரத்தும் ஃபியூகாக ஓடும். ஏழாம் வரிசையிலிருந்து இரண்டு மெட்டையும் கடைசிச் சுரம் வரை பிரித்துக் கேட்க முடிந்தது.