மட்டக்களப்புக் கோட்டை: உள்ளே போகமுதல் எதிர்க்கரையில் நில்லுங்கள்

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் இருக்கும் இந்தக் கோட்டைக்கு வருபவர்களில் கன பேர் "இவ்வளவுதானா?" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள். காலி நகரத்துக் கோட்டை மாதிரி உள்ளே ஒரு ஊரே இருக்கும் என்ற நினைப்பில் வந்தால் அப்படித்தான். இது நெடுங்காலம் கச்சேரி (மாவட்டச் செயலகம்) இயங்கிய வளவு. தடித்த மதில், பீரங்கி, தூண் வைத்த பழைய கட்டடம், அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் சுற்றி முடித்துவிடலாம். அதிலும் வந்த வேகத்தில் வாசலுக்குள் நுழைந்துவிட்டால், பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதான். முதலில் வாவியின் எதிர்க்கரைக்குப் போங்கள்.

அங்கே நின்றால்தான் கட்டியவனின் கணக்கு விளங்கும். நாற்சதுரம், மூலைக்கொரு கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, மிச்ச இரண்டு பக்கம் அகழி. எந்தப் பக்கத்தால் வந்தாலும் தண்ணீரைத் தாண்டித்தான் வர வேண்டும். இவ்வளவு சின்ன இடத்துக்கு ஏன் இந்தக் காவல்? 1602இல் ஒல்லாந்த (டச்சு) கப்பல் தலைவன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கித்தான் கண்டிக்குப் போய் அரசன் விமலதர்மசூரியனைச் சந்தித்தான். மலைநாட்டு அரசுக்குக் கடலோடு மிஞ்சியிருந்த வாசல்களில் இது ஒன்று. அதை அடைக்கத்தான் போர்த்துக்கேயர் 1628இல் இந்தக் கோட்டையை எழுப்பினார்கள். அடைப்பு பத்து வருடம்தான் தாங்கியது. 1638 மே 18இல் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டின் படை, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு இதைப் பிடித்தது. இலங்கையில் ஒல்லாந்தர் கையில் விழுந்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுதான்.

ஐந்தாம் நாள் அரசனும் ஒல்லாந்தரும் எழுதிய ஒப்பந்தத்தில்தான் சுவாரசியமே இருக்கிறது. பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்துவது அரசனுக்கு விருப்பமானால் மட்டும் என்று அவனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதி சொன்னது. ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் அந்த 'விருப்பமானால்' இல்லை. பிறகு வந்த இழுபறிகளில் பெரும் பங்கு இந்த ஒரு சொல்லால் வந்தது. இதைத் தெரிந்துகொண்டு மதிலைப் பாருங்கள், வெறும் கல்லாகத் தெரியாது. உள்ளே விளக்கப் பலகைகளை நம்பிப் போகாதீர்கள். இந்த இடத்தின் பெரிய குறை அதுதான்.

வாசலில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் (வி.ஓ.சி.) இலச்சினையைத் தேடுங்கள்: நடுவில் பெரிய 'வி', அதன் இரு கைகளிலும் கோத்தபடி 'ஓ'வும் 'சி'யும். நமக்கு வ.உ.சி. என்றால் வேறு ஆள்தான் ஞாபகத்துக்கு வரும். வெள்ளைக்காரக் கும்பனிக்கு எதிராகக் கப்பல் விட்டவரின் முதலெழுத்தும் ஒரு வெள்ளைக்காரக் கும்பனியின் முத்திரையும் ஒன்றாய் அமைந்தது வேடிக்கைதான். மதில் மேல் ஏறுவதென்றால் காலையிலேயே ஏறிவிடுங்கள், பதினொரு மணிக்குப் பிறகு நிழல் கிடையாது. மார்கழி, தை மழையில் பாசிபிடித்த கல் வழுக்கும்; ரப்பர் செருப்போடு ஏற வேண்டாம். போயா நாளிலோ சனி ஞாயிறிலோ போவதென்றால் உள்ளே விடுவார்களா என்று முதல் நாளே விசாரியுங்கள்.

கோட்டையை விட்டு வெளியே வந்தால் மிச்சத்தை நடந்தே பார்க்கலாம். வாவிக்கரையில் நிற்கும் சிலை வில்லியம் ஓல்ட் பாதிரியாருடையது. 1814இல் வந்து பள்ளிக்கூடம் தொடங்கி, ஒரு வருடம் நிறையமுதல் 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்துபோனவர். அவர் தொடங்கியதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் புனித மரியாள் பேராலயமும் அதே தீவில்தான். வெளியே நின்று பார்க்க ஒரு மணித்தியாலம் போதும்.

பின்னேரத்தைக் கல்லடிக்கு ஒதுக்குங்கள். பழைய இரும்புப் பாலத்துக்கு லேடி மனிங் பாலம் என்று பெயர், 1925 வரை ஆளுநராக இருந்த மனிங்கின் மனைவி பெயரால். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்ததோடு வாகனச் சுமை அங்கே போய்விட்டது. பழையதில் நின்று வாவி பார்ப்பது இப்போது நிம்மதி.

வாவித் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கும் 'மீன் பாட்டு' என்ற ஒலியைக் கேட்கத்தான் பலரும் இங்கே வருகிறார்கள், பலரும் ஏமாறுகிறார்கள். காரணம், பகலில் வருவது, அல்லது இயந்திரப் படகில் போவது. சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில், பறுவத்தை ஒட்டிய இரவில், காற்று அடங்கிய பிறகு தோணியில் போங்கள். பாலத்தடிக்கு வந்ததும் துடுப்பு வலிப்பதை நிறுத்தி, தோணி அசைவு அடங்க ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீரில் ஆழ இறக்கி, கைபிடி நுனியைக் காதோடு அழுத்துங்கள். தண்ணீருக்குள் பிறக்கும் ஒலியில் பெரும்பகுதி நீர்மட்டத்தில் பட்டுக் கீழேயே திரும்பிவிடும், வெளிக்காற்றுக்கு ஏறுவது கொஞ்சம். மரம் அதை நேரே காதுக்குக் கொண்டுவரும். துடுப்பு தோணி விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தால் தட்டுச் சத்தம்தான் கேட்கும். பாட்டு என்றதும் இராகம் எதிர்பார்க்காதீர்கள். 1848இல் இங்கே கேட்ட ஆங்கிலேய அதிகாரி எமர்சன் டெனன்ட், ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்த்தால் வரும் மெல்லிய ஒலியோடு அதை ஒப்பிட்டார். அவரோடு போன மீனவர் அந்த ஒலிக்கு அன்றைக்கே மீனைக் காரணம் சொல்லவில்லை, ஊரி என்ற சிப்பியைத்தான் காட்டினார்கள்.

தோணிக்காரரிடம் கூலியைக் கரையிலேயே பேசிக்கொள்ளுங்கள், எத்தனை நேரம் நிற்பது என்பதையும் சேர்த்து. "போய்வர" என்று மட்டும் பேசினால் பாலத்தடியைச் சுற்றிவிட்டு உடனே திரும்பிவிடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. காத்திருப்பதும் வேலைதானே.

நேரம் மிஞ்சினால் முகத்துவாரத்தில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு. ஓட்டோவில் போய்வர வேண்டும், சூரியன் சாயும் நேரம் நல்லது. திரும்பும் வழியில் எருமைத் தயிர் வாங்குவதென்றால் மண்சட்டியைச் சற்றுச் சரித்துப் பாருங்கள். கட்டி அசையாமல் நின்றால் எடுக்கலாம், ஓரத்தில் தண்ணீர் பிரிந்து ஓடினால் வேறு சட்டி கேளுங்கள்.