உதகையில் பிரேக் பேட் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

உதகையிலிருந்து குன்னூருக்கு, சுமார் 18 கிலோமீட்டர், தினமும் காலை ஆறரை மணிக்கு 350 சிசி வண்டியில் இறங்குகிறேன். டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி படிந்திருக்கும். வளைவுகளில் சாலையின் ஈரம் வெயில் ஏறும்வரை காயாது. அதனால் சென்ற டிசம்பரில், முன்சக்கரத்துக்கு சின்டர்டு பேட் போடச் சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்யும் இந்த வகை, பிசினால் பிணைத்த ஆர்கானிக் வகையைவிட ஈரத்தில் சீக்கிரம் பிடிக்கும். டிஸ்க்கைச் சற்றுக் கூடுதலாகத் தேய்க்கும் என்பது தெரிந்தேதான் கேட்டேன்.

ரூ.1,900 வாங்கிக்கொண்டு, பில்லில் ‘பிரேக் பேட் 1 செட்’ என்று மட்டும் எழுதித் தந்தார்கள். பழைய பேட்டையும் புதியதன் பெட்டியையும் கேட்டதற்கு, குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பத்தாம் நாள் காலை, எல்லநள்ளிக்கு முந்தைய இறக்கத்தில் முன்னால் போன பேருந்து திடீரென்று நின்றது. முன்பிரேக் லீவரை அழுத்தினால் மரக்கட்டையைப் பிடித்ததுபோல் விறைத்து நிற்கிறதே தவிர, வேகம் குறையவில்லை. பின்பிரேக்கையும் கியரையும் வைத்து நிறுத்தியபோது பேருந்துக்கும் என் சக்கரத்துக்கும் ஒரு முழம்தான் இடைவெளி இருந்தது. கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று மாலை, வேலை தெரிந்த நண்பர் ஒருவரோடு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் பேட்டை அழுத்தும் பாகமான கேலிப்பரைக் கழற்றினேன். தரமான பேட்டின் பின்தகட்டில் பெரும்பாலும் தயாரிப்பாளர் பெயரோடு, உராய்வுத் திறனைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து குறைந்த சூட்டுக்கு, இரண்டாவது மிகுந்த சூட்டுக்கு. என்னுடையதில் கறுப்புப் பெயின்ட்டைத் தவிர ஒன்றுமில்லை. டிஸ்க்கில் உராயும் பகுதியான லைனிங்கின் முகம் கண்ணாடிபோல் மின்னியது. கத்தி நுனியால் சுரண்டியபோது உலோகப் பளபளப்பு தெரியவில்லை, கரும்பொடிதான் உதிர்ந்தது. ஒரு மூலையில் லைனிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே நகம் நுழைந்தது. கேலிப்பர் நகர உதவும் பின்களையும் ஒர்க்‌ஷாப்பில் தொடவே இல்லை. துரு ஏறிய ஒன்று கையால் தள்ளியும் நகரவில்லை.

போய்க் கேட்டதற்கு, “குளிருக்கு எல்லா வண்டியும் இப்படித்தான் சார், ஓட ஓடச் சரியாயிடும்” என்றார் உரிமையாளர். புதிய பேட் டிஸ்க்கோடு படிய, மெதுவாகப் பலமுறை பிரேக் பிடித்து ஓட்ட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நான் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருந்தேன். பணத்தைத் தர மறுத்தவர், கூடுதல் விலையில் ‘ரேஸிங் பேட்’ போடச் சொன்னார். பந்தயத்துக்கென்றே செய்யும் பேட் நன்றாகச் சூடேறிய பிறகுதான் முழுமையாகப் பிடிக்கும். உறைபனிக் காலையில் அதை நம்பி இறங்குவது இன்னும் ஆபத்து.

எனவே, பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லித் தகட்டைப் படித்துப் பாருங்கள். பாகத்தின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பின்களைச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் தடவும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். என் வண்டியிலிருந்து கழற்றிய அந்த செட்டை எறியாமல் வைத்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் உதகை, குன்னூர் நண்பர்கள் கேட்டால் எடுத்துவந்து காட்டுகிறேன்.