தரைக்கு அடியில் குழாயா, சுவரில் ரேடியேட்டரா?

தரையைப் பெயர்த்துப் போட்ட பிறகுதான் குளிர்காலத்தில் வீட்டை எப்படிச் சூடாக்குவது என்ற விவாதமே எங்களிடம் கிளம்பியது. சன்னலுக்குக் கீழே புது ரேடியேட்டர் (உள்ளே வெந்நீர் ஓடிச் சூடு தரும் உலோகப் பலகை) மாட்டுவதா, தரைக்கடியில் குழாய் ஓட்டி வெந்நீர் விடுவதா, டக்ட் என்ற காற்றுக்குழல் போட்டுச் சூடான காற்றை ஊதுவதா? நான் தரைப்பக்கம் சாய்ந்தவன். இரண்டு குளிர்காலம்தான் ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊதும் காற்றை முதலிலேயே கழித்துவிட்டேன். வேகத்தில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் சூடு கூரையில் போய் உட்கார்ந்துகொள்ளும், பாதம் சில்லென்றே கிடக்கும். கோடையில் குளிர்விக்கவும் அதே டக்ட் வேண்டும் என்பவர்கள் மட்டும் யோசிக்கலாம். தரைக்கடியில் மின்கம்பி விரிப்பு போடுவது சுலபம்தான். ஆனால் ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிட் சூடு, அவ்வளவே. சின்னக் குளியலறைக்குச் சரி.

சுகம் என்று பார்த்தால், சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு இழக்கும் சூட்டில் ஏறத்தாழப் பாதி, கதிர்வீச்சாகச் சுவருக்கும் கண்ணாடிக்கும் தரைக்கும் போகிறது. காற்று 20 டிகிரி, சுற்றுப் பரப்புகளின் சராசரி 22 என்றால் உடம்புக்கு 21 போலத் தெரியும். அதனால் காற்றைக் கொஞ்சம் குறைவான சூட்டில் விட்டாலும் குளிராது. நல்ல வெப்பக்காப்பு உள்ள வீட்டில் எல்லாப் பரப்பும் இதமாகவே இருப்பதால் இந்த வித்தியாசம் சுருங்கிவிடும். இதை மட்டும் நம்பித் தரையை உடைக்காதீர்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது தண்ணீரின் சூடு. பெரிய பரப்பு என்பதால் தரைக்கு 35 டிகிரித் தண்ணீர் போதும். சாதாரண ரேடியேட்டருக்கு 55, பழைய வீடுகளில் 70கூடக் கேட்கும். வெளியிலுள்ள சூட்டை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் தரும் ஹீட் பம்ப் வைப்பவர்களுக்கு எல்லாமே இந்த எண்ணில்தான் இருக்கிறது. வெளியே 0 டிகிரி என்று வையுங்கள். 35 டிகிரித் தண்ணீருக்குக் கோட்பாட்டு உச்சம், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 8.8 யூனிட் சூடு. 55 டிகிரித் தண்ணீருக்கு அது 6. நிஜ இயந்திரம் இதில் பாதியை எட்டுகிறது என்று வைத்தால் 4.4-க்கு 3. அதே சூட்டுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சம், அதுவும் ஒவ்வொரு குளிர்காலமும். கேஸ் பாய்லர் வைத்திருப்பவர்களுக்கும் பலன் உண்டு. திரும்பி வரும் தண்ணீர் 55-க்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் பாய்லர் புகையிலுள்ள நீராவியின் சூட்டைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு வேடிக்கை: தரை 24, அறை 20 என்றால் இடைவெளி 4. வெயில் அடித்து அறை 21 ஆனதும் இடைவெளி 3. யாரும் எதையும் தொடாமலே தரை தரும் சூடு கால்வாசி குறைந்துவிடும்.

குறைகளும் உண்டு. குழாய்மேல் கனமான சிமென்ட் பூச்சு இருப்பதால் சூடேற மணிக்கணக்காகும். வார இறுதியில் மட்டும் வந்து தங்கும் வீட்டுக்கு ரேடியேட்டர்தான் சரி. தடித்த கம்பளம் விரித்தால் சூடு மேலே வராது. அடியில் காப்புப் பலகை போடாவிட்டால் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருப்போம். பூச்சு போடுமுன் அழுத்தச் சோதனை செய்து, ஒவ்வொரு வளைவின் பக்கத்திலும் அளவு டேப்பை வைத்துப் படம் எடுத்தேன். பிறகு கதவுத் தடுப்புக்குத் துளை போட்டபோது அந்தப் படம்தான் காப்பாற்றியது. குழாய் முப்பது ஆண்டு தாங்குமா என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

நியாயமாகப் பார்த்தால் தரையின் உண்மையான போட்டி பெரிய ரேடியேட்டர். ரேடியேட்டர் விற்பவர்கள் அட்டவணையில் போடும் திறன் 75 டிகிரியில் உள்ளே போய் 65-ல் வெளியே வரும் தண்ணீருக்கானது. சராசரி 40 டிகிரித் தண்ணீர் விட்டால் அதில் 30 சதவீதம்தான் கிடைக்கும். ஆகவே மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக வாங்க வேண்டும். தரையை உடைக்க முடியாதவர்களுக்கு இது நல்ல வழி. இரவில் சீக்கிரம் குளிர வேண்டும் என்று படுக்கையறைக்கு மட்டும் அப்படி ஒன்று மாட்டினேன். வருகிறவர்கள் அதைப் பார்த்து, கதவைக் கழற்றிச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள்.