சாட்ஸ்வர்த்தில் லினக்ஸ் தெரிந்த ஒரு லேப்டாப் கடை

விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் என்றதும் "விண்டோஸ் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்காத கடை தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கிடைத்தால் விடாதீர்கள். சாட்ஸ்வர்த்தில் ஒரு தம்பி தன் வீட்டு கராஜில் வைத்திருக்கும் கடை அந்த ரகம். பெயர்ப்பலகை கிடையாது, அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான் போக வேண்டும்.

சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் ஆங்கிலமே பேசும் வீட்டுப் பிள்ளைகள். ல, ள, ழ மூன்றையும் அவர்கள் காது பிரித்துக் கேட்பதே இந்த வகுப்பில்தான். அதற்காக ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகப் பதிந்து, லினக்ஸ் ஓடும் என் லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். தட்டினால் சில சமயம் முழுதாகக் கேட்கும். சில சமயம் 'டப்' என்று ஒரு சத்தம் வந்து எழுத்தில் பாதி காணாமல் போகும். இவ்வளவு சின்ன ஒலியில் பாதி போனால் மிச்சம் என்ன இருக்கிறது? வீட்டில் போட்டால் மட்டும் ஒரு குறையும் இல்லை.

முதலில் காட்டிய ஒரு மால் கடையில் சார்ஜரைச் செருகி ஒரு பாட்டுப் போட்டுக் கேட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் மதர்போர்டு மாற்றலாம் என்றார்கள்.

இந்தத் தம்பி பாட்டே போடவில்லை. "ஆன்ட்டி, வகுப்புல எப்படி வைப்பீங்களோ அப்படியே வைங்க" என்றார். கூடத்தில் பக்கத்தில் பிளக் இல்லை, பேட்டரியில்தான் ஓடும் என்றேன். உடனே சார்ஜரைப் பிடுங்கினார். ஓர் எழுத்தைத் தட்டி, கொஞ்சம் பொறுத்து அடுத்ததைத் தட்டினார். டப்!

அப்புறம் திரையைத் திருப்பிக் காட்டி விளக்கினார். சத்தம் எதுவும் ஓடாமல் 5 விநாடி ஆனால், லினக்ஸில் ஒலியைக் கவனித்துக்கொள்ளும் வயர்பிளம்பர் என்ற மென்பொருள் ஒலிச் சாதனத்தை மூடிவிடுமாம். மின்சாரம் மிச்சப்படுத்தும் பவர் சேவ் மதிப்பு 1 என்றிருந்தால், அடுத்த 1 விநாடியில் கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ஒலிச் சிப்பை இயக்கும் இன்டெல் எச்டிஏ டிரைவர் அந்தச் சிப்பைத் தூங்க வைத்துவிடும். அது விழித்தெழும் நேரத்தில் ஒலியின் தொடக்கம் போய்விடும். பிள்ளை சட்டென்று திருப்பிச் சொன்னால் அடுத்த எழுத்து தப்பிக்கும், யோசித்துச் சொன்னால் மாட்டிக்கொள்ளும். லேப்டாப்பை விற்றவர் பேட்டரி மிச்சப்படுத்த டிஎல்பி என்ற மென்பொருளைப் போட்டிருந்தார். அதன் அமைப்பில் பிளக்கில் 0, பேட்டரியில் 1 என்று இருந்தது. 0 என்றால் தூக்கமே இல்லை. மால் கடையில் எதுவும் தெரியாமல் போனது அதனால்தான்.

இரண்டையும் 0 ஆக்கி, டிஎல்பியை மறுபடி தொடங்கி, சார்ஜரைச் செருகியும் பிடுங்கியும் மாறி மாறி எழுத்துகளை ஓட்டிக் காட்டினார். டிரைவருக்கு நேரடியாக 0 எழுதி வைத்தாலும் சார்ஜரைப் பிடுங்கும்போது டிஎல்பி மாற்றிவிடும், அதனால் அங்கேதான் திருத்த வேண்டும் என்று காரணமும் சொன்னார். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும் என்பதையும் மறைக்கவில்லை. என்ன மாற்றினார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எனக்கு இதுதான் பெரிய விஷயம், நாளைக்கு வேறு லேப்டாப் வாங்கினாலும் உதவும்.

கூலி 250 ராண்ட். கார்டு எடுப்பதில்லை, கையில் பணம் வேண்டும். உட்கார ஒரே ஒரு நாற்காலி, முன்னால் யாராவது இருந்தால் நன்றாகவே காக்க வைப்பார். திரை உடைந்தது, கீபோர்டு போனது என்றால் பாகங்கள் வைத்திருக்கும் பெரிய கடைக்கே போங்கள். சத்தம் வருவதும் போவதுமாக இருந்தால் இவரிடம் போங்கள், போகும்போது எங்கே, எந்த நேரத்தில் கெடுகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.