ஒரே அவையா, மேலவையும் வேண்டுமா?

தமிழ்நாட்டில் மேலவை (சட்டமன்றத்தின் இரண்டாவது அவை) திரும்ப வருமா என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும். தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அமைப்பு: இங்கே 234 பேர், ஒரே பேரவை, மேலவை 1986 நவம்பர் 1-ல் ஒழிக்கப்பட்டது. அங்கே பேரவைக்கு 224, மேலவைக்கு 75.

தேர்தல்: இங்கே ஒரு பொத்தான், யாருக்குப் போட்டோம் என்று 7 விநாடி தெரியும் சீட்டு, முடிந்தது. கர்நாடக மேலவைக்கு வழி பல: எம்.எல்.ஏ.க்கள் 25 பேரையும் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் 25 பேரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டதாரிகளுக்கு 7, ஆசிரியர்களுக்கு 7, நியமனம் 11. பட்டதாரி வாக்காளர் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண் போடுவார். (டிக் அடித்தால் செல்லாது!)

காலம்: பேரவை 5 ஆண்டு. மேலவை கலையாது, ஒருவருக்கு 6 ஆண்டு, இரண்டு ஆண்டுக்கொருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு.

வேகம்: சாதாரண மசோதாவை மேலவை முதலில் 3 மாதம், பிறகு 1 மாதம் இழுக்கலாம். தடுக்க முடியாது. வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாவுக்கு 14 நாள்தான்.

செலவு: சொல்லவே வேண்டாம், கூடுதலாக 75 பேருக்குச் சம்பளமும் படியும்.

வேகமும் சிக்கனமும் முக்கியம் என்றால் ஒரே அவை போதும். ஆசிரியர், உள்ளாட்சிக் குரல் தனியாக வேண்டுமென்றால் மேலவை. ஆனால் அந்த நாற்காலிகளில் தேர்தலில் தோற்றவர்களும் உட்காருவார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.