நெக் மாற்றித் தருகிறேன் என்று 1,200 வெள்ளியை விழுங்கிய கித்தார் கடை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எலக்ட்ரிக் கித்தாருக்கு நெக், அதாவது தந்தி ஓடுகிற நீளமான கைப்பிடிக் கட்டை, மாற்ற நினைக்கிறவர்கள், முக்கியமாகத் தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்துக்குக் கித்தாரைத் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளைகள், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எனக்குப் போனது 1,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). காசோடு நல்ல கித்தார் ஒன்றும் போனது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. விவகாரம் மனுவாகப் போகிறது, பெயர் வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். பெரிய பட்டணத்தில் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு கித்தார் ரிப்பேர் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். டிராக்டர் பேரிங் கழற்றுகிற கை. விரலும் தடிப்பு, உள்ளங்கையும் அகலம். சனி ஞாயிறுகளில் கல்யாணம், கோயில் திருவிழா என்று இசைக்குழுவில் வாசிக்கிறேன். என் கித்தார் 1980களில் ஜப்பானில் செய்த ஸ்ட்ராட் வகை, அதாவது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி. ஈப்போ புந்தோங்கில் ஒரு பழைய வாத்தியக்காரரிடம் வாங்கினேன். சத்தம் அவ்வளவு சுத்தம். ஒரே குறை, நெக் மெலிசு. முதல் ஃபிரெட்டுக்கு (நெக்கின் முகத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் முதலாவது) பின்னால் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் 20 மில்லிமீட்டர்தான். நாலைந்து பாட்டு தொடர்ந்து பார் கார்ட் (ஒரே விரலைப் படுக்க வைத்து எல்லாத் தந்தியையும் அழுத்துவது) பிடித்தால் கட்டைவிரலின் அடியில் நரம்பு சுருட்டி இழுக்கும். தடித்த நெக் என்றால் உள்ளங்கை நிறையும். கட்டைவிரலால் கிள்ளிப் பிடிக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் இது பொருந்தாது. சின்னக் கைக்காரர்களுக்கு மெலிசுதான் சுகம். என் கைக்குத் தடிப்பு வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வகைக் கித்தாரில் நெக்கை ஒட்டியிருக்க மாட்டார்கள். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோதே நாலு ஸ்க்ரூ போட்டு பாடியோடு முறுக்குகிற அமைப்புதான். கழற்றலாம், வேறொன்று மாட்டலாம். இரும்பு வேலை எனக்குத் தெரியும். ஆனால் ஃபிரெட் சமன் செய்வதும் நட்டில், அதாவது நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் தாண்டிப் போகிற சின்னக் கட்டையில், தந்திக்குப் பள்ளம் அறுப்பதும் வேறு கைவேலை, அதற்கென்று தனி அரம் வேண்டும். அதனால்தான் இதையே தொழிலாகச் செய்கிற ஆளிடம் போனேன்.

போன அன்று அந்த ஆள் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் யாரும் நம்பிவிடுவார்கள் என்பது புரியும். முதலில் என் இடது கையைப் பிடித்து மேசைமேல் விரித்து வைத்து, பழுப்புத் தாளில் பென்சிலால் சுற்றி வரைந்தார். அப்புறம் சுவரில் தொங்கிய நெக்குகளில் மூன்றை எடுத்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். “கண்ணை மூடிக்கிட்டுப் பிடிங்கண்ணே, கை சொல்லும்” என்றார். மூன்றாவதைப் பிடித்ததும் கை நிறைந்துவிட்டது. பாதி அறுத்த உருட்டுக்கட்டை மாதிரி பின்பக்கம் உருண்டையாக, வார்னிஷ் பிசுபிசுப்பு இல்லாமல் வழவழவென்று இருந்தது. “இதுதாண்ணே உங்களுக்கு. முதல் ஃபிரெட்டுல 25 மில்லி. வாட்டின மேப்பிள், நம்ம ஊரு ஈரத்துக்கு அசையாது. இதே அச்சுல புதுசா வரவழைச்சுத் தரேன்” என்றார். தன் தாத்தா பால்மரம் சீவினவர், தானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவன் என்றார். சாமிப் படத்துக்கு அன்றைக்கு வைத்த மல்லிகைப் பூ. “நம்ம ஆளுங்களையே ஏமாத்திச் சம்பாதிச்சா ஒட்டுமாண்ணே?” என்று அவராகவே கேட்டார். நான் ஏமாற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை!

நெக்குக்கு 950, மாட்டி செட்டப் செய்ய, அதாவது வாசிக்கத் தோதாகச் சரிபண்ண, 250. மொத்தம் 1,200 வெள்ளி. வெளியிலிருந்து வரவேண்டிய சாமான் என்பதால் முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டார். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு. அங்கேயே நின்று பேங்கில் மாற்றிவிட்டேன். ரசீதும் தந்தார். இப்போது எடுத்துப் பார்த்தால் அதில் ‘நெக் வேலை’ என்று மட்டும் இருக்கிறது. என்ன தடிப்பு, என்ன மரம், பழைய நெக் என்ன ஆகும், ஒன்றும் இல்லை. கைவிரலையே தாளில் வரைந்தவருக்கு 25 என்று எழுத மட்டும் மை இல்லாமல் போய்விட்டது.

வேலை முடிந்தது என்று கூப்பிட்டது கடை மூடுகிற நேரத்தில். பாதி விளக்கை அணைத்துவிட்டு, கித்தாரைப் பையில் போட்டு ஜிப்பும் இழுத்துத் தயாராக வைத்திருந்தார்கள். “அண்ணே, பஸ் போயிடப் போவுது” என்று அவரே அவசரப்படுத்தினார்.

வீட்டில் ஆம்பில் போட்டு வாசித்தேன். கை நிறையவில்லை. வெர்னியரை எடுத்து வைத்தேன்: முதல் ஃபிரெட்டில் 21.5 மில்லிமீட்டர். பழையதைவிட ஒன்றரை மில்லி கூட. இதற்கா 1,200 வெள்ளி? அது போகட்டும் என்று மேலே ஏறினால், பதினைந்தாவது ஃபிரெட்டுக்குப் பக்கத்தில் முதல் தந்தியைக் கீழ்ப்பக்கம் இழுத்ததும் அது விளிம்பைத் தாண்டி வழுக்கி விழுகிறது. கித்தாரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். நெக் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. முதல் தந்தி விளிம்பை ஒட்டி ஓடுகிறது, ஆறாவது தந்திக்கு அந்தப் பக்கம் காடு மாதிரி இடம். நெக் பாடியில் உட்காருகிற பாக்கெட்டின் ஓர இடுக்கில் ஒரு பத்து காசை நுழைத்தேன், உள்ளே போனது. என் பழைய நெக்கில் அந்த இடத்தில் ஒரு காகிதம்கூட நுழையாது.

மறுநாள் போன் செய்தேன். “கட்டை செட் ஆகணும்ணே. ரெண்டு வாரம் வாசிங்க, அதுவா இழுத்துக்கும்.” மேப்பிள் கட்டை எங்கே போய் இழுத்துக்கொள்ளும்? வெர்னியர் அளவைப் படம் எடுத்து அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. திரும்பப் போன் செய்தால் கவுண்டர் பெண் எடுத்து, “பாஸ் அவுட்ஸ்டேஷன் அங்கிள்” என்றாள். பின்னால் அதே பாஸின் குரல் கேட்கிறது! அப்புறம் ஒருமுறை போனில் அவரே அகப்பட்டார். அப்போது சொன்னதுதான் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது: “தடிச்ச நெக்குன்னா பாக்கெட்டைப் பெருசாக்கித்தாண்ணே மாட்டணும். இடுக்கு விழத்தான் செய்யும். கேட்டது நீங்கதானே?”

இது பச்சைப் பொய். இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நெக்கின் தடிப்பு என்பது கை பிடிக்கிற பின்பக்கத்தில், முதல் ஃபிரெட்டிலிருந்து பன்னிரண்டாவது வரை இருக்கிற விஷயம். பாடிக்குள் உட்காருகிற அடிக்கட்டையை, அதாவது ஹீலை, அது தொடாது. ஸ்ட்ராட் வகையில் ஹீல் அகலம் சுமார் 56 மில்லிமீட்டர், கனம் 25.4, பாக்கெட் ஆழம் சுமார் 16. கையில் 20 மில்லி நெக்கானாலும் 25 மில்லி நெக்கானாலும் இந்த ஹீல் அளவு ஒன்றேதான். ஒழுங்காகச் செய்த தடித்த நெக், பாக்கெட்டில் ஒரு சீவல்கூட எடுக்காமல் உட்காரும். இவர்கள் ஏதோ அகலமான ஹீல் வைத்த மலிவு நெக் ஒன்றைக் கொண்டுவந்து, அது நுழையவில்லை என்று என் பாடியை அறுத்திருக்கிறார்கள்.

சந்தேகம் வந்ததும் நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். மூன்று சுற்றி வந்தன. நான்காவது, திருப்புளியை வைத்ததும் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. மேப்பிள் கெட்டி மரம். இந்த ஸ்க்ரூவுக்கு முன்னால் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் துளை போட்டு, மரையில் கொஞ்சம் மெழுகு தடவி முறுக்க வேண்டும். அதைச் செய்யாமல் முறுக்கி, ஸ்க்ரூ உள்ளே உடைந்து, உடைந்த தலையை பசை போட்டு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்கள். நெக்கைத் தூக்கினால் பாக்கெட்டின் தரையெல்லாம் உளி கொத்திய தடம். மேடு பள்ளத்தை நிரப்ப, மடித்த சிகரெட் பெட்டி அட்டை. அதில் அந்த நோய்ப் படத்தின் பாதி என்னைப் பார்க்கிறது. நெக்கின் கோணத்தைச் சரிசெய்ய மெல்லிய துண்டு வைப்பது நல்ல கைக்காரர்களும் செய்கிற வேலைதான், அதைக் குற்றம் சொல்லவில்லை. உளியால் கொத்திவிட்டு குப்பையை அடைப்பது வேறு.

சரி, என் பழைய நெக்கையாவது கொடுங்கள், நானே மாட்டிக்கொள்கிறேன் என்று கேட்டேன். முதலில் “ஸ்டோர்ல இருக்கு” என்றார்கள். பிறகு “தேடிச் சொல்றோம்” என்றார்கள். கடைசியில், “அது வேஸ்ட்டுன்னு போட்டாச்சுண்ணே.” யார் பொருளை யார் வேஸ்ட் என்று போடுவது? 1980களின் ஜப்பான் நெக் குப்பைக்கா போகும்? இன்னொருவர் கித்தாரில் ஏறி விற்றுப்போயிருக்கும் என்றுதான் என் மனசு சொல்கிறது. நான் குரலை உயர்த்தியதும், “எஸ்டேட் ஆளுங்களுக்கு எவ்வளவு நல்லது செஞ்சாலும் இதான்” என்று வைத்துவிட்டார். லயத்தில் பிறந்தேன் என்று சொன்ன அதே வாய். அதோடு என் நம்பரை பிளாக் செய்தாகிவிட்டது.

அடுத்த திருவிழாக் கச்சேரிக்குக் கடன் வாங்கிய கித்தாரில் வாசித்தேன். நம்மூரில் மேசை நாற்காலி செய்கிற ஆசாரி ஒருவர், பாக்கெட் ஓரத்தில் மரப்பட்டி ஒட்டி அளவுக்குக் கொண்டுவரலாம் என்கிறார். அதற்கு வேறு செலவு. போன 1,200 வெள்ளி போனதுதான், மேலே ஒரு நல்ல நெக்குக்கும் காசு பார்க்க வேண்டும்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது எழுத எழுதக் கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் ஃபிரெட், பன்னிரண்டாவது ஃபிரெட் இரண்டிலும் தடிப்பு எத்தனை மில்லிமீட்டர் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் நெக்கைக் கழற்றி பாக்கெட்டைப் படம் எடுங்கள். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை 324 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று புது நெக்கில் அளந்து பாருங்கள். 314 என்று வந்தால் அது வேறு ஸ்கேல் (தந்தி நீளம்), பாடியில் தந்தி உட்காருகிற உங்கள் பிரிட்ஜுக்குச் சுருதி சேரவே சேராது. முழுப் பணம் முன்னால் வேண்டாம். பழைய நெக் கைக்கு வந்த பிறகுதான் மீதி. பாக்கெட்டைச் செதுக்க வேண்டும் என்று யாராவது வாயைத் திறந்தால் கித்தாரை வாங்கிக்கொண்டு படி இறங்கிவிடுங்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். மனுவுக்கு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, நடந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். நான் ரசீது, பேங்க் சீட்டு, உடைந்த ஸ்க்ரூ தலை, சிகரெட் அட்டை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். மாடிப்படி ஏறிப் போகிற அந்த மாதிரிக் கடையில் இப்போது யாராவது கித்தாரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், நாளைக் காலையே போய் முதலில் பழைய நெக்கைக் கேட்டு வாங்குங்கள்.