லப்பர் பந்து: சோபாவில் உட்கார்ந்து விசில் அடிக்க ஒரு படம்

தியேட்டரில் விட்டவர்களுக்கு 2024 தீபாவளி அன்றைக்கே ஹாட்ஸ்டாரில் வந்துவிட்டது, இனி சாக்குச் சொல்ல வழியில்லை, உட்கார்ந்து பாருங்கள்.

கதை சின்னதுதான். கெத்து என்ற சீனியர் பேட்ஸ்மேன், அவருடைய ஆட்டத்தில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து வாய்விட்டுச் சொல்லிவிடும் அன்பு, அதிலிருந்து கிளம்பும் ஈகோ. அப்புறம் பார்த்தால் அன்பு காதலிக்கும் பெண் கெத்துவின் மகள்! மாமனாருக்குப் பந்து போட்டு விக்கெட்டும் எடுக்கணும், பெண்ணும் கேட்கணும் என்றால் அந்தப் பையன் என்னதான் செய்வான்?

கெத்துவாக வரும் அட்டகத்தி தினேஷ் மட்டையோடு இறங்கும்போது 'பொட்டு வச்ச தங்கக்குடம்' ஒலிக்கிறதே, அந்த இடத்தில் வீட்டில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள், ரிமோட்டை எட்டாத தூரத்தில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் திரும்பத் திரும்ப அதையேதான் ஓட்டுவீர்கள். ஆனால் எனக்கு நிஜமான ஹீரோ, கெத்துவின் மனைவியாக வரும் ஸ்வாசிகா. புருஷன் கிரிக்கெட், கிரிக்கெட் என்று திரிகிறார், இவர் டிராக்டரை எடுத்துவந்து பிட்சையே உழுதுவிடுகிறார். கெத்து எத்தனை சிக்ஸர் அடித்தால் என்ன, வீட்டம்மா முறைத்தால் ஆள் காலி. அந்தப் பயத்தை தினேஷ் கண்ணிலேயே காட்டுகிறார்.

சிரிக்க வைத்துக்கொண்டே, திறமை இருந்தும் சாதியால் டீமில் இடம் கிடைக்காத கொடுமையையும் இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து நேராகவே சொல்கிறார், பிரசங்கம் இல்லை. இரண்டாம் பாதியில் மேட்ச்கள் கொஞ்சம் கூடுதல்தான். பரவாயில்லை, டீ போட அதுதான் நேரம்.